வெறும் பிரேம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சைக்கிள் கோர்க்க முடியுமா?

முடியும். பழைய 22 அங்குல பிரேம் ஒன்று மட்டும் கைவசம் இருப்பதாகவும், கடையில் கொடுக்கத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் என் அப்பாவின் சைக்கிள் நினைவுக்கு வந்துவிட்டது.

அவர் மில் வேலைக்கு ஓட்டிச் சென்ற அந்த வண்டி, அவர் காலமான பிறகு சக்கரங்கள்கூட இல்லாமல் மொட்டைமாடியில் கிடந்தது. துருவைத் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசிக் கோர்க்க உட்கார்ந்தபோது, பெடல் அச்சு உட்காரும் குழாயில் வலப்பக்கக் கப்பு (அச்சைத் தாங்கும் குண்டுகள் உட்காரும் கிண்ணம்) மட்டும் உள்ளேயே இறுகிக் கிடந்தது. மற்ற மரைகளைப் போலவே இடப்பக்கமாகத் திருப்பினேன், அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, உடல் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தியும் கப்பின் விளிம்பு மழுங்கியதே தவிர, அது கழலவில்லை. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் அந்தக் கப்புக்கு இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை, என்பதை அறியாமல், கழற்றுவதாக எண்ணி அரை நாளாக அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். மறுநாள் தெருமுனைக் கடையின் வயதான மெக்கானிக், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, உளியை விளிம்பில் சாய்த்து வைத்து, வலப்பக்கமாக நான்கு தட்டுத் தட்டினார். “தம்பி, இந்தப் பக்கம் மரை மாறி ஓடும்” என்றார். குழாயின் மரை கெடாமல் தப்பியதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே வலக் கப்பை இடப்பக்கமாகத் திருப்பி நன்றாக இறுக்குங்கள். இடப்பக்கப் பெடல் கட்டைக்கும் இடது மரைதான். கப்பில் கிரீஸை அப்பி, கால் அங்குலக் குண்டுகளைப் பக்கத்துக்குப் பதினொன்றாகப் பதித்தால், அச்சை நுழைக்கும்போது அவை உதிராது. இடக் கப்பைச் சிறிது சிறிதாக முடுக்கி, அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் இறுக்கம் அதிகம், மேலும் கீழும் ஆடினால் போதவில்லை. பெடலைத் தாங்கும் கைகளான கிராங்குகளை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து இறங்க வேண்டும். இல்லையெனில் கிராங்குகள் நேர்க்கோட்டில் நிற்காது.

கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் எல்லாவற்றையும் நானே செய்யவில்லை. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள். அவற்றைக் கோர்த்துக் கோட்டம் எடுக்கும் வேலையை அந்த மெக்கானிக்கிடமே கொடுத்து, அவர் கேட்ட கூலியைக் குறைக்காமல் தந்தேன். என் வருத்தம் புதிய வண்டி விற்பவர்கள்மீதுதான். மகளுக்கு வாங்கிய சைக்கிள் ஒரே மாதத்தில் கறகறக்கவே பிரித்துப் பார்த்தேன். குண்டுகளில் கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. முழு விலை வாங்குபவர்கள் ஒரு கரண்டி கிரீஸில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செயினைக் கடைசியாக மாட்டுங்கள். நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தொய்யும் அளவுக்குப் பின்சக்கரத்தை நகர்த்தி நட்டுகளை இறுக்குங்கள். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும்.