பரிசாக வந்த ஆர்க்கிட்டின் இலைகள் துவண்டு தொங்குகின்றன. இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

நான்கு மாதங்களுக்கு முன்பு பரிசாக வந்த ஆர்க்கிட், பூத்து ஓய்ந்த பிறகு இலைகள் சுருங்கித் தொங்குவதாகவும், வாரத்துக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை என்றும், உரம் போடலாமா, இன்னும் பச்சையாக நிற்கும் பூத்தண்டை வெட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தைத் தொடவே வேண்டாம். செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். இலையை மட்டும் பார்த்து வைத்தியம் சொல்வதென்றால், நான் என் முதல் செடியைக் கொன்ற வழியையே உங்களுக்கும் சொல்லிக் கொடுத்தவனாவேன்.

அடியில் நான்கைந்து அகன்ற தடித்த இலைகள், வில்லாக வளைந்த ஒற்றைத் தண்டு, அந்துப்பூச்சி சிறகை விரித்தது போன்ற பூக்கள் என்று நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது ஃபலனாப்சிஸ் வகைதான். தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் தொற்றுத் தாவரம் இது. அங்கே இலைகள் கீழ்நோக்கித் தொங்குவதுதான் இயல்பு என்பதால், தொங்குவதே நோய் ஆகிவிடாது. இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்து, நீண்டு, கரும்பச்சையாகத் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஜன்னலுக்கு இன்னும் அருகே நகர்த்தினால் போதும். அடியிலுள்ள பழைய இலை ஒன்று மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது மூப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீளவாக்கில் வரிவரியாகச் சுருக்கம் விழுந்து, நாள்பட்ட தோல்வாரைப் போல வளைந்து கொடுத்தால், இலைக்குள் நீர் இல்லை. நீங்கள் விவரித்திருப்பது இந்தக் கடைசி நிலையைத்தான்.

குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். நம் ஊரில் பலர் வளர்க்கும் இன்னொரு ஆர்க்கிட் வகையான டென்ட்ரோபியத்துக்குத் தடித்த தண்டு நீர்ச்சேமிப்பாக உதவுகிறது. ஃபலனாப்சிஸுக்கு அப்படிப்பட்ட தண்டு கிடையாது. இலையும் வேரும்தான் அதன் சேமிப்பு. வேர் குடிக்காத நாட்களில் செடி இலையிலுள்ள நீரைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. வேர் குடிக்காமல் போக இரண்டு காரணங்கள் உண்டு: தொட்டியில் நீரே இல்லாமல் இருக்கலாம், அல்லது நீர் நிறைய இருந்தும் குடிக்க வேர் இல்லாமல் அழுகிப் போயிருக்கலாம். இரண்டிலும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். வாரம் மூன்று முறை ஊற்றியும் சுருங்குகிறது என்பதால் உங்கள் செடியில் இரண்டாவது காரணத்தையே நான் சந்தேகிக்கிறேன்.

என் செடியில் நடந்ததும் அதுவே. ஏப்ரல் மாதம், சென்னையில் இரண்டாம் மாடி வீடு. இலை துவளத் தொடங்கியதும் வெயில் கொடுமை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள், தூசி துடைக்கப் போன கையோடு அடியிலை கழன்று வந்தது. தொட்டியைக் கவிழ்த்தபோது, ஓரத்தில் ஒட்டியிருந்த வேர்கள் பச்சையாக நன்றாகவே இருந்தன. அந்த ஓர வேர்களைத்தான் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி வழியே பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். நடுவில், ஒரு கைப்பிடி அளவுக்கு இறுக்கி அடைக்கப்பட்ட ஸ்பாக்னம் பாசி, கறுத்து, சாக்கடை வாடையோடு இருந்தது. அதற்கும் உள்ளே, நாற்றுப் பருவத்தில் வைத்த சிறிய வலைக்கூடை அப்படியே இருந்தது. அதிலிருந்து வந்த ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். ஊறிய மொச்சையைப் பிதுக்கினால் தோல் கழல்வதைப் போல மேலுறை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. விற்பனைக்கு வரும் செடிகள் பல இப்படிப் பாசியில் அடைக்கப்பட்டுத்தான் வருகின்றன. பயணத்தில் காயாமல் இருக்க அது உதவும். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே செடிக்கு எமன்.

கழன்று வந்த அந்த மேலுறைக்கு வெலாமன் என்று பெயர். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறத்திலும், நனைந்ததும் பச்சையாகவும் தெரியும் பஞ்சு போன்ற திசு அது. மழை பெய்தவுடன் நீரை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த காற்றில் உலர்ந்துவிடும் வேலைக்காக அமைந்தது. காற்றே புகாத ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

ஆகவே பழைய பாசி முழுவதையும், உள்ளே கூடையோ ஸ்பாஞ்சோ இருந்தால் அதையும், பொறுமையாகப் பிரித்தெடுங்கள். வேரை ஓடும் நீரில் கழுவி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நிறம் பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். கொழகொழப்பாகவோ உள்ளீடற்ற உறையாகவோ நசுங்குவதை வெட்டிவிடலாம். கத்தரிக்கோலை முதலில் தீயில் காட்டிக்கொள்வது நல்லது. வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள். வெட்டுவாயில் மட்டும் ஒரு சிட்டிகை போதும், நல்ல வேரின் மேல் பட்டால் அதையும் உலர்த்திவிடும். இந்த வேலையின்போதே இலைகள் கூடும் நடுக்குருத்தையும் பார்த்துவிடுங்கள். குருத்து கறுத்து இளகியிருந்தால் செடி பிழைப்பது கடினம், ஏனென்றால் இதற்கு வளர்ச்சி முனை அது ஒன்றுதான். இலையிடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தால் ஆல்கஹாலில் (ஸ்பிரிட்) நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

விரலளவு கெட்டி வேர்கள் மூன்று நான்கு மிஞ்சினாலும் நம்பிக்கை உண்டு. அந்த வேர்கள் கொள்ளும் அளவுக்குச் சிறிய, அடியிலும் பக்கத்திலும் துளைகள் உள்ள தொட்டியில், மரப்பட்டைத் துண்டுகளோடு கொஞ்சம் மரக்கரியைக் கலந்து நடுங்கள். பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும், ஆனால் அவற்றில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். தோட்ட மண் கூடவே கூடாது. வேர் ஒன்றுமே மிஞ்சாவிட்டால், பிழிந்தெடுத்த ஈரப் பாசியை ஒரு பாலிதீன் உறையின் அடியில் பரப்பி, செடியின் அடி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்தி, வாயைத் தளர்வாகக் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இது மாதக்கணக்கில் ஆகும் சிகிச்சை, பலிக்காமலும் போகலாம்.

இனி தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். வேர்கள் வெள்ளியாக மாறி, தொட்டி கையில் எடுத்தால் இலேசாக இருக்கும்போது, காலையில் பத்து நிமிடம் நீரில் அமிழ்த்தி, முழுவதும் வடியவிட்டு எடுத்து வையுங்கள். குருத்தில் நீர் தேங்கினால் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். நீங்களும் சென்னை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் வேர்முனையைக் கருக்கும். மழைநீர் உத்தமம், ஆர்ஓ குடிநீரும் சரி. ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் கருதி இதற்கு ஊற்றிவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. இன்னொன்று, இந்தச் செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. இரவு முழுவதும் ஏசி ஓடும் படுக்கையறையின் உலர்ந்த காற்று, வேரிழந்த செடியை இன்னும் வாட்டும். தேறும் வரை கூடத்திலேயே இருக்கட்டும்.

சுருங்கிய இலைகள் பழையபடி நிமிருமா என்று தினமும் பார்த்து மனம் நோக வேண்டாம், பெரும்பாலும் முழுதாக நிமிராது. அவற்றை வெட்டவும் வேண்டாம். செடிக்கு இப்போது அவைதான் கையிருப்பு. தேறுவதற்கான அடையாளம் வேறு இடத்தில் தெரியும்: இலையடியிலிருந்து பச்சையாகவோ செந்நிறமாகவோ பளபளக்கும் ஒரு புது வேர்முனை, பிறகு நடுவில் விறைப்பான ஒரு குருத்திலை. என் இரண்டாவது செடியில் அந்த வேர்முனை எட்டிப்பார்க்க ஏழு வாரம் ஆயிற்று. அதைக் கண்ட பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு உரத்தைக் கரைத்து மாதம் இருமுறை கொடுக்கத் தொடங்கலாம்.

பூத்தண்டை, பச்சையாகவே இருந்தாலும், அடியோடு வெட்டிவிடுங்கள். வேருள்ள செடியென்றால் ஒரு கணுவுக்கு மேலே வெட்டி மறுபூவுக்குக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் செடி இப்போது அந்தத் தண்டுக்கும் சேர்த்து இலையிலிருந்துதான் நீரை எடுத்துக்கொண்டிருக்கிறது.