கேள்வி – பதில்: கூர் வைத்த சாணைக்கல்

கேள்வி: அமெரிக்கப் பழைய பண்ணைக் கருவிகளின் படங்களில் கையால் சுற்றும் சின்னச் சாணை ஒன்றைப் பார்த்தேன். கல்லின் விளிம்பு தட்டையாக இல்லை. இருபுறமும் சரிந்து நடுவில் கூராக இருக்கிறது. ஏன்?

பதில்: குதிரை இழுத்த புல் அறுக்கும் எந்திரத்தின் கத்தியைத் தீட்டுவதற்கான சாணை அது. அந்தக் கத்தி நீண்ட இரும்புப் பட்டை. அதன்மேல் சுமார் 3 அங்குல அகல முக்கோணத் தகடுகளை வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே 'வி' வடிவப் பள்ளம் விழும். கல்லின் கூர் அதற்குள் இறங்கினால், எதிரெதிரான இரண்டு விளிம்புகளும் ஒரே நேரத்தில் தீட்டுப்படும். அருமையான யோசனை! கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால், பற்சக்கரங்கள் கல்லைப் பல சுற்று சுழற்றும்.

அழுத்திப் பிடிப்பதுதான் பெரிய தவறு. அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். அப்படி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் (கடினம்) போய்விட்டது. அந்த இடம் சீக்கிரமே மழுங்கும். கல்லை லேசாக வைத்து, விளிம்பு நெடுக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்லின் கூர் தேய்ந்து உருண்டால் பள்ளத்தின் அடி தீட்டுப்படாது.

கத்தித் தகட்டில் சரிவு மேற்பக்கம் மட்டும்தான். அடிப்பக்கத்தில் பிசிறை மட்டும் நீக்க வேண்டும். அடிப்பக்கத்தையும் சரிவாகத் தேய்த்துவிட்டால், கீழே நிலையாக இருக்கும் தகட்டோடு கத்தி ஒட்டி ஓடாது. புல் அறுபடாமல் இடையில் மடிந்து சிக்கும். ஆழமாகப் பல் விழுந்த தகட்டைத் தீட்டி மாளாது. ரிவெட்டைத் தட்டி எடுத்துப் புதிது மாட்டுவதே சரி.