நீரிழிவு என்ற சொல்லில் இழிவு இல்லை

ராயபுரத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுகர் சம்பந்தப்பட்ட பெயர்களில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, டயபடீஸ் என்ன மொழி?

கிரேக்கம், தம்பி. ‘டியா’ என்றால் ஊடே, ‘பைனைன்’ என்றால் போவது. படகுக்கு டீசல் மாற்றும்போது டிரம்முக்குள் டியூபை விட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், அப்புறம் தானாகவே கேனுக்கு இறங்கிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரிக் குழாய்க்கும் கிரேக்கத்தில் இதே பெயர்தான். அரிட்டேயஸ் என்ற பழங்காலக் கிரேக்க மருத்துவர், இந்த நோயில் சதையும் கைகாலும் கரைந்து சிறுநீராகப் போகிறது என்றே எழுதி வைத்தார். மருந்தே இல்லாத காலத்தில் நோயாளி உருகிப் போனதை நேரில் பார்த்தவர் எழுத்து அது.

வண்ணாரப்பேட்டை தங்கை: ரிப்போர்ட்டில் கூடவே மெல்லிட்டஸ் என்று இருக்கிறதே?

அது லத்தீன், தேன் போல இனிப்பது. நம் மருத்துவத்தில் மதுமேகம் என்கிறார்களே, அந்த மதுவும் தேன்தான். சிறுநீரில் இருப்பது சர்க்கரைதான் என்று 1776-இல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் காட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க 5 மில்லி பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சுவோம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றால் சர்க்கரை ரொம்ப அதிகம் என்று அர்த்தம், மனசு கனத்துவிடும்.

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர்: நீரிழிவு என்று எழுதிக் கொடுத்ததும் என் மாமியார் அழுதுவிட்டார். இழிவான நோயா?

இல்லவே இல்லை, அம்மா. இழிதல் என்றால் இறங்குதல், மலையிலிருந்து அருவி இழிகிறது என்போமே, அதே சொல். நீர் இறங்கிப் போவதால் நீரிழிவு. 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அத்தனையையும் திருப்பி எடுக்க முடியாது, வெளியே போகிற சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். கிரேக்கர் குழாயில் கண்டதைத்தான் நம்மவர் இந்தப் பெயரிலும் வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி: டயபடீஸ் இன்சிபிடஸ் என்பதும் சுகரா?

இல்லை. இன்சிபிடஸ் என்றால் ‘ருசியற்ற’ என்று அர்த்தம். நீர் ஏராளமாகப் போகும், அதில் இனிப்பு இருக்காது.

அதே தம்பி: லோ சுகருக்கு என்ன பெயர்?

ஹைப்போகிளைசீமியா. ஹைப்போ கீழே, கிளைகிஸ் இனிப்பு, ஹைமா ரத்தம், மூன்றுமே கிரேக்கம். சுகர் மருந்து எடுப்பவருக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிடு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.