வைத்தியர் தந்த மனநலப் படிவம்: ஒரு தங்கைக்குப் பதில்

அன்புத் தங்கைக்கு,

ரொறொன்ரோவுக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், வைத்தியர் தந்த மனநலப் படிவத்தில் உண்மையை எழுதினால் 'விசர்' என்று பதிந்து அகதிக் கோரிக்கையை மறுத்துவிடுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். 2010இல் நானும் இதே பயத்தோடு அந்தப் படிவத்தின் முன் இருந்தேன்.

உங்கள் வைத்தியர் தந்த படிவம் குடிவரவுக்காகச் செய்யும் மருத்துவப் பரிசோதனை அல்ல. உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் மருத்துவத் தகவலைக் காக்கிறது. கோரிக்கையைத் தீர்மானிக்கும் சபை பார்ப்பது, ஊரில் உங்களுக்குள்ள ஆபத்தையே. விசாரணையில் திகதிகள் ஏன் தடுமாறுகின்றன என்று விளக்க, வழக்கறிஞர்களே உளவியல் அறிக்கை கேட்பதும் உண்டு.

என்னைக் கெடுத்தது மொழிதான். 'கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வு இருந்ததா?' என்ற கேள்வியைப் பன்னிரண்டு வயது மருமகன் எனக்குத் தமிழில் சொன்னான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றேன். சில மாதங்களின் பின், வெளியாள் ஒருவர் மொழிபெயர்க்க, தாதி ஒருவர் 'இரவில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்?' என்று மட்டும் கேட்டார். இரண்டு மணிக்கு எழும்பி, கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, விடியும்வரை யன்னலோரம் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

ஆகவே உறவினரையோ பிள்ளையையோ அழைத்துச் செல்லாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். 'மனச்சோர்வு' என்ற சொல் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் நெஞ்சு அடைப்பதை, பெருமூச்சை, தலையிடியை, ஓயாத யோசனையை அப்படியே சொல்லுங்கள். நம்மவர் துயரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும் என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். அமெரிக்காவின் சியாட்டிலில் அகதிகளுக்கென்றே உருவாக்கிய 15 கேள்விப் படிவத்தில், துன்பம் எவ்வளவு என்று காட்ட, எண்களோடு வெறுமையிலிருந்து நிரம்புவது வரை சாடிப் படங்களும் உண்டு. அப்படியொன்று கிடைத்தால் படத்தைத் தொட்டுக் காட்டினாலே போதும்.

நடந்த கொடுமைகளை விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவற்றைத் துருவிக் கேட்பது நன்மையைவிடத் தீமையே செய்யலாம் என்று 2011இல் வந்த கனேடிய மருத்துவ வழிகாட்டியே வைத்தியர்களுக்குச் சொல்கிறது. பின்னர் பேச மனம் வந்தால், சித்திரவதைக்கு உள்ளானோருக்காக 1977 முதல் ரொறொன்ரோவில் இயங்கும் கனேடிய நிலையம் இருக்கிறது.

உங்களுக்குத் தந்தது 9 கேள்விப் படிவமானால், கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அந்த எண்ணம் ஒருநாள் வந்திருந்தாலும், 'இல்லவே இல்லை' என்று பொருள்படும் பூச்சியத்தைக் குறிக்காதீர்கள், தங்கச்சி. வைத்தியர் உங்களிடம் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.