லுப்லியானாவில் ஸ்லோவேனிய எழுத்தாளர்களின் கல்லறைகள் உள்ள பூங்காவுக்குப் போகலாமா?

ஒரு மணி நேரம் கையில் இருந்தால் தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்பது நாவ்யே. ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நடந்தே போய்விடலாம். பழைய புனித கிறிஸ்டோபர் இடுகாட்டில் மிஞ்சிய பகுதி அது. மற்றதெல்லாம் அழிந்தபோது, முக்கியமானவர்களின் கல்லறைகளை மட்டும் காப்பாற்றி, 1930களில் கட்டடக் கலைஞர் பிளெச்னிக்கின் யோசனைப்படி பூங்காவாக அமைத்தார்கள். வளைவுகள் கொண்ட பழைய தூண் மண்டபம் ஒன்றும் அப்படியே நிற்கிறது.

பெயர்கள் தெரியாமல் போனால் அது வெறும் புல்வெளியும் கற்களும்தான். அதனால் சிலரைத் தெரிந்துகொண்டு போங்கள். லின்ஹார்ட், 1789இல் ஸ்லோவேனிய மொழியில் முதல் நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். வோட்னிக், 1797இல் அம்மொழியின் முதல் செய்தித்தாளைத் தொடங்கியவர். யுர்சிச், 1866இல் முதல் நாவலைத் தந்தவர். ஒரு மொழியின் 'முதல்'கள் இத்தனையும் ஒரே புல்வெளியில்!

எனக்குப் பிடித்தவர் மதியா ச்சோப். பல மொழிகள் அறிந்த நூலகர். 1835இல் சாவா ஆற்றில் மூழ்கி இறந்தார். அடுத்த ஆண்டு வந்த தன் காவியத்தை நண்பர் ப்ரெஷெரென் அவருக்கே சமர்ப்பித்தார்.

அப்புறம், அந்த ப்ரெஷெரெனை இங்கே தேடாதீர்கள். தேசியக் கவியின் கல்லறை கிரான் நகரில், அவர் பெயரிலேயே உள்ள சோலையில் இருக்கிறது. அதற்கு ரயில் ஏற வேண்டும்.