பல்லைப் பார்த்துக் குளம்பைச் சொல்வதா?

கேள்வி: டைனோசர் காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் வாழ்ந்த குளம்பு விலங்கு என்று கார்மெருங்குலேட்டம் பற்றிப் படித்தேன். கிடைத்ததோ ஒரே ஒரு பல்லாம்! பல்லைப் பார்த்துக் காலைச் சொல்வது ஜோசியம் இல்லையா?

பதில்: அதன் காலை யாரும் பார்க்கவில்லை, அது உண்மை. திண்டோரி மாவட்டத்துக் கிசல்புரியில் கிடைத்த ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்தான் மொத்த ஆதாரம். 2007இல் தொல்லுயிரியலாளர் ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் அதை அறிவித்தார்கள். பக்கத்தில் ஓடும் கார்மெர் ஆற்றின் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் பாலூட்டியின் கடைவாய்ப்பல் நிறையப் பேசும். பூச்சி தின்னும் சிறு விலங்குகளுக்குப் பல்முகடுகள் உயரமாக, ஊசிபோல இருக்கும். இலை, காய், விதை என்று மெல்லத் தொடங்கிய வம்சங்களில் அவை தாழ்ந்து மழுங்கும், அரைக்கும் பரப்பு அகலும். அமெரிக்காவின் மோன்டானாவில் கிடைத்து, 1965இல் ஸ்லோனும் வான் வாலெனும் விவரித்த புரோட்டங்குலேட்டம் என்ற பழைய பாலூட்டி அந்த வகை. கிசல்புரிப் பல்லின் ஜாடையும் அதுவே. மூக்கைப் பார்த்து ‘நீ இன்னார் வீட்டுப் பிள்ளையா?’ என்று கேட்கிறோமே, அதுபோலத்தான். குளம்பு விலங்குகளின் பழைய சொந்தக்காரர்களோடு சேர்த்தார்களே தவிர, அதற்குக் குளம்பு இருந்ததற்கு நேரடி ஆதாரம் எதுவும் இல்லை. நகம்கூட இருந்திருக்கலாம். ‘குளம்புள்ள பாலூட்டி’ என்று ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே அதற்குக் குளம்பு மாட்டிவிட்டது!

கேள்வி: சரி, எலும்பெல்லாம் எங்கே போனது?

பதில்: சின்ன உடம்பு. எலும்பு நொறுங்கிவிடும், பல்லின் எனாமல் தாங்கும். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். தக்காண எரிமலைகள் இடைவெளி விட்டபோது, ஆறிய லாவாவின் மேல் குளங்களும் ஓடைகளும் உண்டாயின. அவற்றில் படிந்த சேற்றை அடுத்த லாவா மூடியது. அந்தப் படிவுகளைத்தான் ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பொறுக்குகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை. கையில் சுத்தியலோடு டைனோசர் தேடுபவர் படம்தான் பத்திரிகையில் வருகிறது.

எனக்கு வியப்பு பல்லில் இல்லை, இடத்தில். மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, கடல் நடுவே வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு இந்த வம்சம் எப்படி வந்தது? ஆப்பிரிக்கப் பக்கமிருந்தா, ஆசியப் பக்கமிருந்தா என்ற வாதம் ஓயவில்லை. ஒரு மேல் கடைவாய்ப்பல் கிடைத்தால் போதும், வம்ச மரத்தில் அதன் இடத்தையே மாற்றி எழுத வேண்டி வரலாம்.