அறுபதுக்கு மேல் கண்: கேள்விகளும் பதில்களும்

அரசு கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுப் பெரியவர்களின் பார்வை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இருபது வருஷமாகப் போட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே இப்போது பேப்பர் படிக்கிறார். பார்வை திரும்பிவிட்டதா?

திரும்பவில்லை. கண் லென்ஸ் மங்குவதுதான் புரை. சிலருக்கு அது லென்ஸின் நடுவில் இறுகும். அப்போது கிட்டப்பார்வை உண்டாவதால் பக்கத்து எழுத்து தெரியும். வரும் பஸ்ஸின் போர்டைத் தூரத்திலிருந்தே படிக்கிறாரா என்று பாருங்கள். புரை வளர வளர இந்தச் சலுகையும் போய்விடும்.

கேள்வி: பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

புரை என்ன மாங்காயா, முற்றட்டும் என்று காத்திருக்க? லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய காலத்துப் பேச்சு அது. இப்போது கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். 1992-இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு ஏழைகளுக்கும் எட்டியது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றினால் லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தம் ஏறும். அதில் நரம்பு கெட்டுவிட்டால் ஆபரேஷன் செய்தும் பார்வை முழுசாக வராது.

தாத்தாவையும் கூட்டிப்போவதாக இருந்தால் ஒன்று: புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டால் சர்ஜனிடம் முன்பே சொல்லுங்கள். ஆபரேஷனின்போது கண்பாவை சரியாக விரியாது.

கேள்வி: பெரியப்பாவுக்குக் கண் நீர் அழுத்தம். சொட்டு மருந்து போட்டும் பார்வை கூடவில்லை என்று நிறுத்திவிட்டார்.

பார்வை கூடப்போவதில்லைதான். அந்த மருந்து இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதைக் கொண்டுவர அல்ல. இதை முதல் நாளே புரியும்படி சொல்லாதது எங்கள் தரப்புக் குறை. கிளாக்கோமா என்கிற இந்தக் கண் நீர் அழுத்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் சுருங்கும். நிலைப்படியில் தோள் இடிக்கும், வீட்டில் ‘கவனமில்லை’ என்று திட்டு விழும்.

மருந்தை உடனே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிஷம் கழித்து. இது குடும்பத்தில் வரக்கூடியது. அவருடைய தம்பி தங்கைகள், பிள்ளைகள், நாற்பது தாண்டியிருந்தால் நீங்களும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு சுகர். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, வருஷா வருஷம் எதற்குப் பரிசோதனை?

சுகரால் விழித்திரை கணிசமாகக் கெட்ட பிறகும் எழுத்து தெளிவாகத் தெரியலாம். அதனால்தான். கண்ணில் மருந்து விட்டு, பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு பைக் எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: கதிரடிக்கும்போது அம்மா கண்ணில் நெல் சுணை பட்டது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கினோம். சிவப்பு குறைந்தது, ஆனால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். நாளைக்கு வேண்டாம். அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். வயல் வேலையில் பட்ட காயத்தில் பூஞ்சை தொற்றுவது நம் பக்கம் சகஜம். வாங்கிய மருந்தின் அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கிவிடும், அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். அதை இனி ஊற்றாமல், குப்பியைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பவரிடமும் போக வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷன் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. மறுபடி மங்கல். புரை திரும்ப வருமா?

வராது. வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கலாம். யாக் லேசரில் சில நிமிஷ வேலை, கத்தியும் தையலும் இல்லை. ஆனால் காரணம் விழித்திரையாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துவிட்டே லேசருக்கு உட்காருங்கள்.